ராம்நாட்டில் ஹேங் கிளைடிங் போட்டி நடத்த முடியுமா? கேள்வி பதில்

நம்ம மாவட்டத்தில் வட்டார அளவில் ஒரு ஹேங் கிளைடிங் போட்டி, அதாவது சட்டத்தில் பாய் கட்டிய, மோட்டார் இல்லாத இறக்கையில் தொங்கியபடி பறக்கும் விளையாட்டுக்கு ஒரு போட்டி நடத்தலாமா என்று தொண்டியிலும் கீழக்கரையிலும் சில இளைஞர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். வெளி மாநிலப் போட்டிகளில் டேக்-ஆஃப் பொறுப்பாளராகவும், பிறகு போட்டி இயக்குநராகவும் வேலை பார்த்தவன் என்பதால் சந்தேகங்களை எல்லாம் என்னிடம் கொண்டு வந்தார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சில கேள்விக்கு ஒரு வரி போதும், சிலதற்கு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

தொண்டி, கல்லூரி மாணவர்: அண்ணே, முதல்ல இதைச் சொல்லுங்க. நம்ம ஊர்ல மலையே கிடையாது. எங்கிருந்து குதிக்கிறது?

தம்பி, குதிக்க வேண்டாம். சமவெளியில் கிளைடரை இழுத்து மேலே ஏற்றுவார்கள். ஆஸ்திரேலியாவில் ஃபோர்ப்ஸ், அமெரிக்காவில் ஃபுளோரிடா, டெக்சாஸின் பிக் ஸ்பிரிங் எல்லாமே தட்டையான நிலம்தான், அங்கெல்லாம் பெரிய பெரிய போட்டிகள் நடந்திருக்கின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். ஹேங் கிளைடரில் உலகத் தூரச் சாதனை 764 கிலோமீட்டர். 2012 ஜூலையில் டஸ்டின் மார்ட்டின் என்பவர் டெக்சாஸின் ஜபாட்டாவில் இருந்து பறந்தது. அங்கே மலை கிடையாது. பக்கத்தில் முழுக்க மெஸ்கீட் முள்காடு, அதாவது நம்ம சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம்.

இழுக்கும் முறை இரண்டு உண்டு. ஒன்று, மெதுவாகப் பறக்கக்கூடிய மைக்ரோலைட் விமானம் இழுப்பது. கிளைடரை டாலி என்கிற சின்னச் சக்கர வண்டி மேல் வைத்து, விமானத்துக்கும் அதற்கும் நடுவே அறுபது எழுபது மீட்டர் கயிறு கட்டி, சுமார் 600 மீட்டர் உயரம் வரை கொண்டுபோய் விடுவார்கள், அங்கே பைலட் கயிற்றை விடுவித்துக்கொள்வார். இன்னொன்று, வண்டியின் பின்னால் கிளைடரை மூக்கு தூக்கி நிறுத்தி, நேரான சாலையில் ஓட்டி, கயிறு சுற்றிய உருளையான வின்ச்சில் இருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஏற்றுவது. செலவு குறைவு, ஆனால் ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்கு மரமோ கம்பமோ இல்லாத ஆள் நடமாட்டமற்ற சாலை வேண்டும். இரண்டு முறையிலும் கயிற்றின் முனையில் வீக் லிங்க் என்று ஒரு மெல்லிய நூல் வளையம் போடுவார்கள். இழுவிசை அளவுக்கு மீறினால் முதலில் அறுவது அதுவாகத்தான் இருக்க வேண்டும். "அடிக்கடி அறுந்துபோகுது" என்று சொல்லித் தடிமனான நூல் போட யாராவது வந்தால் அவரை அந்த இடத்தை விட்டு அனுப்பிவிடுங்கள்.

மண்டபம்: அரியமான் கடற்கரையிலயோ தனுஷ்கோடியிலயோ வச்சா சுற்றுலாக் கூட்டமும் வரும், போட்டோவும் நல்லா வரும். ஏன் வேண்டாங்கறீங்க?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் இல்லாத கிளைடர் தூரம் போவது தெர்மலை நம்பித்தான். வெயிலில் தரை சூடாகி, அதன் மேல் உள்ள காற்று குமிழாக மேலே எழும்பும், பைலட் அதற்குள் வட்டமடித்து உயர்வார். பருந்து செய்வது அதேதான். கடலோரத்தில் என்ன நடக்கிறது என்றால், முற்பகலில் நிலம் சூடேறியதும் கடல்காற்று உள்ளே வருகிறது, அது குளிர்ந்த, அடர்ந்த காற்று, கீழே ஒரு அடுக்காகப் படுத்துக்கொண்டு தெர்மலை எழவிடாது. மணல் கரையில் நின்றால் உங்களுக்கு நல்ல காற்றாகத் தெரியும். பைலட்டுக்கோ இழுத்துவிட்ட 600 மீட்டரை அப்படியே செலவழித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தரை. அப்படி ஒரு போட்டியில் யார் திறமைசாலி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அடுத்தது இந்திய எல்லை. நல்ல போட்டிக் கிளைடர் ஒரு மீட்டர் இறங்கும்போது 15 மீட்டர் முன்னால் போகும். 2000 மீட்டர் உயரத்தில் இருப்பவர் காற்றே இல்லாவிட்டாலும் 30 கிலோமீட்டர் போகலாம் என்று அர்த்தம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான், கடல் எல்லைக் கோடு அதற்கும் பாதியில் வந்துவிடும். பின்னால் கச்சான், அதாவது மேல்காற்று, தள்ளுகிற நாளில் ஒரு பைலட் திரும்ப முடியாமல் போனால் அது விளையாட்டு விபத்தாக முடியாது. மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கோடு என்ன பாடு படுத்துகிறது என்று நம்ம கரையில் எல்லோருக்கும் தெரியும், அதில் இன்னொரு பிரச்சினையை நாமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது உச்சிப்புளி. ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் 2009ல் இருந்து அங்கே இருக்கிறது. கண்காணிப்பு விமானங்கள், ஆளில்லா விமானங்கள் எல்லாம் அங்கிருந்து பறக்கின்றன. ராமநாதபுரத்தில் இருந்து மண்டபம் வரை உள்ள வானத்தை அவர்களுடையது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். இவ்வளவுக்கும் மேலே கரையில் கிளைடர் கடலில் இறங்கிவிட்டால் பைலட் பட்டையோடு பிணைந்திருப்பார், பாய் நனைந்து கனக்கும், ஆழமில்லாத தண்ணீரில்கூட உயிர் போகும்.

கடற்கரை நம்ம ஊர் அடையாளம், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் போட்டியை உள்நாட்டில் நடத்துங்கள், பரிசளிப்பைக் கடற்கரையில் வையுங்கள்.

கீழக்கரை: காக்கா, பாராகிளைடிங்கும் இதுவும் ஒண்ணா?

இல்லை தம்பி. பாராகிளைடர் பாராசூட் மாதிரி துணி, எலும்பு கிடையாது, முதுகுப் பையில் மடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஏலகிரியில் பார்த்திருப்பீர்கள், 2015ல் இமாச்சலத்தின் பிர் பில்லிங்கில் உலகக் கோப்பை நடந்ததும் அதில்தான். ஹேங் கிளைடருக்கு அலுமினியம் அல்லது கார்பன் குழாய்ச் சட்டம் உண்டு, பைலட் குப்புறப் படுத்தபடி உடம்பை நகர்த்தித் திருப்புவார். 30 கிலோவுக்கு மேல் எடை, மடித்தாலும் ஐந்தரை ஆறு மீட்டர் நீளக் குழாய். வேகம் அதிகம், தரையிறங்க அதிக இடம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஒரே மைதானத்தில் போட்டி வைக்கவே வைக்காதீர்கள், வேக வித்தியாசமே ஆபத்து.

முதுகுளத்தூர்: அப்படின்னா எங்க பக்கம் வைக்கலாமா? வானம் பார்த்த பூமி, வெயிலுக்குப் பஞ்சமில்லை.

வைக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பக்கம் தட்டை நிலம், காய்ந்த புஞ்சை, கடலில் இருந்து தூரம். கடல்காற்று அங்கே வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். அது வருகிற முகப்பில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மோதி, ஒரு கோடு போல ஏற்றம் கிடைக்கும், தெரிந்த பைலட் அதைப் பிடித்துக்கொண்டே போவார். ஆனால் மைதானம் தேடும்போது நாலைந்து விஷயம் பார்க்க வேண்டும்.

காய்ந்த கண்மாய்தான் முதலில் கண்ணில் படும். எல்லாத் திசையிலும் அகலமாக இருக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்த்து ஓட இடம் உண்டு. ஆனால் உள்ளே இறங்கி நடந்து பாருங்கள். பங்குனியில் கரிசல் வண்டல் வெடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளவு ஓடியிருக்கும், அதன் மேல் மாடு மிதித்த குளம்புக் குழி அப்படியே காய்ந்து கல்லாக நிற்கும். டாலியின் சின்னச் சக்கரம் அதில் மாட்டினால் கிளைடர் மூக்குக் குத்தும். அதனால் ஓடுபாதைக்கு மட்டும் முன்கூட்டியே ரோலர் ஓட்டிச் சமப்படுத்த வேண்டும். கண்மாய் ஊருக்குப் பொது, நீர்வளத் துறைக்கும் சொந்தம். இரண்டு பேர் சம்மதமும் எழுத்தில் வேண்டும், போட்டி முடிந்ததும் பழையபடி விட்டுவிட்டு வர வேண்டும்.

பறவைச் சரணாலயக் கண்மாய்கள் பக்கமே போகக் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் முதுகுளத்தூர்ப் பக்கத்திலேயே இருக்கின்றன, தேர்த்தங்கல், சக்கரக்கோட்டையும் உண்டு. வரைபடத்தில் அவற்றைச் சுற்றி வட்டம் போட்டுத் தடை செய்துவிடுங்கள்.

அப்புறம் மின்கம்பி. கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்த பிறகு உயரழுத்தக் கம்பிகள் கூடியிருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும், இதைப் பைலட்டுகளுக்கு வரைபடத்தில் கோடு கோடாகக் காட்ட வேண்டும். சீமைக்கருவேலமும் அப்படித்தான், மேலிருந்து பச்சைப் புல்வெளி மாதிரி ஏமாற்றும், இறங்கினால் முள். வெளியூர்ப் பைலட்டுக்கு இது தெரியாது, முதல் நாள் விளக்கத்திலேயே படம் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அதே முதுகுளத்தூர்க்காரர்: கிளைடர் எவனோட வயல்லயாவது இறங்கிட்டா சண்டை வராதா?

வரும், முன்கூட்டியே பேசாவிட்டால். மாசி பங்குனியில் நெல் அறுத்து முடிந்திருக்கும், அது நல்லது. ஆனால் அதே மாதங்களில்தான் முண்டு மிளகாய் பறிப்பு. மேலே இருந்து பார்க்கும் பைலட்டுக்கு முள் இல்லாத, சமமான, சுத்தமான ஒரு செவ்வகம் தெரிந்தால் அது பெரும்பாலும் யாரோ மிளகாய் காயவைத்த களமாக இருக்கும். அதில் இறங்கினால் ஒரு குடும்பத்தின் வருஷ வருமானத்தை மிதித்ததாகும். சிவப்புக் களத்தில் யார் இறங்கினாலும் அன்றைய புள்ளி பூஜ்யம் என்று விதியிலேயே எழுதுங்கள். பயிர்ச்சேதத்துக்கு ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்து, அன்றைக்கு மாலையே பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் கையில் கொடுத்துவிட வேண்டும்.

கீதாரிகளிடமும் போய்ப் பேசுங்கள். கிடை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பது தினமும் மாறும், ஆட்டு மந்தை மேல் பத்து மீட்டர் அகல நிழல் திடீரென்று விழுந்தால் ஆடுகள் சிதறி ஓடும். காலையில் ஒருவர் பைக்கில் சுற்றி வந்து கிடை இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால் போதும். இன்னொரு லாபமும் இருக்கிறது. பைலட் இறங்கிய இடத்தை முதலில் பார்ப்பவர் கீதாரிதான். அவர் கையில் நம்ம தொலைபேசி எண் இருந்தால் தேடுகிற வேலை பாதி முடிந்தது.

பாம்பன், மீன்பிடி தொழிலில் இருக்கும் பெரியவர்: தம்பி, கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில வச்சா நல்லாப் பறக்குமே? காத்துக்குத்தானே பட்டம் ஏறுது?

ஐயா, பட்டத்துக்குக் கயிறு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தரையில் நிற்கிறார். கிளைடர் காற்றோடு சேர்ந்தே நகர்வது. அதன் சாதாரணப் பறக்கும் வேகமே மணிக்கு 40, 50 கிலோமீட்டர். கச்சான் 40ல் வீசினால் எதிர்த்துப் போகிறவர் அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பார், இறங்கும்போது பின்னாலேயே போய்விடுவார். பாம்பன் பழைய பாலத்தில் காற்று 58ஐத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவ்வளவு கனமான ரயிலுக்கே அந்தக் கணக்கு என்றால், முப்பது கிலோ சட்டத்துக்கு அதில் பாதிக்கும் கீழேதான் நான் கோடு போடுவேன்.

வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் ஈரமும். அதனால் எனக்குத் தெரிந்து மாசிக் கடைசியில் இருந்து சித்திரை முதல் பாதி வரைதான் நம்ம பக்கத்துக்குக் காலம். வாடை அடங்கி, கச்சான் இன்னும் எழும்பாத இடைவெளி. அப்போதும் மத்தியானச் சூறைக்காற்று ஒரு பிரச்சினை, காய்ந்த புஞ்சையில் தூசியைச் சுருட்டிக்கொண்டு எழும்பும், கட்டிப்போடாத கிளைடரை அப்படியே கவிழ்த்துவிடும். பூட்டி நிறுத்திய ஒவ்வொன்றையும் மூக்குத் தாழ்த்தி முளையடித்துக் கட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள் ஐயா. வானிலைப் பொறுப்புக்கு நான் நியமிக்கும் குழுவில் உங்களைப் போன்ற ஒருவர் இருக்க வேண்டும். கணினி முன்னறிவிப்பு அவசியம்தான், ஆனால் சோழகம் எந்த நேரத்தில் திரும்பும், கொண்டல் வந்தால் மேகம் எப்படி நிற்கும் என்று கரையில் நின்று பார்த்தே சொல்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வேறு ஊர்ப் போட்டிகளில் இதற்கு ஆள் தேடி அலைந்திருக்கிறோம்.

ராமநாதபுரம்: யார் யாரிடம் அனுமதி வாங்கணும்?

ஒன்றிய அரசு 2022 ஜூனில் தேசிய வான்விளையாட்டுக் கொள்கை வெளியிட்டது. 11 விளையாட்டுகளில் ஹேங் கிளைடிங்கும் ஒன்று. இந்திய வான்விளையாட்டுக் கூட்டமைப்பு மேலே, அதற்குக் கீழே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தேசியச் சங்கம், பிறகு வட்டார, மாவட்ட அளவில் என்று நாலு அடுக்கு. எழுதும் முதல் கடிதம் தேசியச் சங்கத்துக்குத்தான், மாவட்ட நிர்வாகத்துக்கு அல்ல, அங்கே ஒப்புதல் இருந்தால்தான் மற்றவர்கள் கோப்பையே திறப்பார்கள். அடுத்து வான்வெளி. கடற்படைத் தளம், மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை இரண்டிடமும் பேச வேண்டும், ஏனென்றால் கமுதியில் கிளம்பி வடமேற்கே போகிறவர் அருப்புக்கோட்டை தாண்டினால் மதுரை விமானங்கள் இறங்கும் பாதைக்குப் பக்கம் போய்விடுவார். உயர வரம்பு வாங்கி, விமானிகளை எச்சரிக்கும் நோட்டாம் அறிவிப்பு போடச் சொல்ல வேண்டும். இழுக்கும் மைக்ரோலைட்டுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவும் அதை ஓட்டுபவருக்கு உரிமமும் கட்டாயம். அப்புறம் ஆட்சியர், காவல்துறை, வனத்துறை, தீயணைப்பு.

உலகத் தரவரிசைப் புள்ளி வேண்டும் என்றால் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐயின் இரண்டாம் பிரிவுப் போட்டியாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் வருஷம் அது வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் நட்பு முறையில் ஒரு சின்னச் சந்திப்பு நடத்தி, எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

தேவிபட்டினம்: நாங்க பதினைந்து பேர் இருக்கோம், பறக்கத் தெரியாது. எங்களுக்கு என்ன வேலை?

போட்டியே நீங்கள்தான். பறக்கிறவர்கள் காலையில் வந்து மாலையில் போய்விடுவார்கள்.

இயக்குநர், பாதுகாப்பு அதிகாரி, புள்ளிக் கணக்கர், வானிலையாளர் ஆகியோர் அனுபவசாலிகளாக இருக்க வேண்டும், வெளியூரில் இருந்து அழைத்துவரலாம். மீதி எல்லாம் உங்கள் வேலை. டாலியைத் திருப்பிக் கொண்டுவருவது, கயிறு கோப்பது, காற்றுக்கூம்பு பார்ப்பது, வயர்லெஸ், தண்ணீர், வரைபடம், மீட்பு வண்டி. இருபது பேர் பறந்தால் இருபது பேர் இருபது இடத்தில் இறங்குவார்கள், ஒவ்வொருவரையும் ஆறு மீட்டர்க் குழாயோடு ஏற்றி வர வேண்டும். வேன் கூரையில் ஏணிச் சட்டம் கட்டி, கிளைடர் உரசாமல் இருக்கப் பழைய மெத்தைத் துண்டு வைத்துக் கட்டத் தெரிந்த டிரைவர்தான் அங்கே ராஜா. அவருக்குக் கிராமத்து வண்டிப் பாதை தெரிந்திருக்க வேண்டும், கூகுள் காட்டுகிற பாதி வழி வரப்பில் போய் முடியும்.

டேக்-ஆஃப் வரிசையில் நிற்கப் போகும் இரண்டு பேருக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பைலட் தன்னைத் தாங்கும் பட்டைக் கவசமான ஹார்னஸைக் கிளைடரில் கொக்கி மாட்டாமலே கிளம்பிவிடுவது இந்த விளையாட்டின் மிகப் பழைய மரணக் காரணம். வெயில், அவசரம், வயர்லெஸ்ஸில் யாரோ கூப்பிடுவது, ஏதோ ஒன்றை எடுக்கக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தது என்று எத்தனையோ வருஷ அனுபவசாலிக்கும் நேர்ந்திருக்கிறது. அதனால் வரிசையில் அவர் முறை வந்ததும் ஹேங் செக். ஒருவர் மூக்குக் கம்பியைப் பிடிப்பார், பைலட் படுத்துத் தொங்கிக் காட்டுவார், மற்றவர் குனிந்து கொக்கி, அதன் பூட்டு, மாற்றுப் பட்டை, கால் பட்டை நான்கையும் கையால் தொட்டு உரக்கச் சொல்ல வேண்டும். "பார்த்தேன்" என்றால் போதாது, தொட வேண்டும். அதன் பிறகு பைலட் எதற்காகவாவது கழற்றினால், கிளம்பும் வரிசையில் கடைசிக்குப் போய் மறுபடியும் முதலில் இருந்து. யாராக இருந்தாலும் சரி.

சாயல்குடி: யார் ஜெயிச்சாங்கன்னு எப்படி முடிவு பண்றாங்க? யார் ரொம்ப நேரம் மேலே இருக்காங்கங்கறதா?

இல்லை. அன்றைய வானிலையைப் பார்த்துக் காலையில் டாஸ்க் குழு அன்றைய டாஸ்க்கை, அதாவது பந்தயப் பாதையைப் போடும். உதாரணமாகக் கமுதியில் கிளம்பி, ஒரு ஊரைச் சுற்றி, இன்னொரு ஊரைச் சுற்றி, கோல் எனப்படும் முடிவிடத்துக்கு வர வேண்டும். சுற்ற வேண்டிய இடம் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம், சுமார் 400 மீட்டர் ஆரம் வைப்பார்கள். ஜிபிஎஸ் கருவியின் பதிவு அந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளியாவது இருந்தால் சரி. கிளம்புவதற்கு நேரவாசல் உண்டு, ஒரு மணி, ஒன்று இருபது, ஒன்று நாற்பது என்று. சீக்கிரம் போகிறவருக்கு வழிகாட்ட ஆளில்லை, தெர்மலைத் தானே தேட வேண்டும். காத்திருப்பவர் முன்னால் போனவரைப் பார்த்துக்கொண்டு போகலாம், ஆனால் நாள் செத்துவிடக்கூடும். இந்த யோசனைதான் விளையாட்டின் உயிர்.

புள்ளி போடும் சூத்திரத்துக்கு ஜிஏபி என்று பெயர், அதை உருவாக்கிய கெரால்ஃப் ஹெய்ன்ரிச்ஸ், ஆஞ்சலோ கிராபன்சானோ, பால் மாலிசன் மூவரின் முதலெழுத்து. ஒரு நாளுக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. தூரத்துக்கு ஒரு பங்கு, வேகத்துக்கு ஒரு பங்கு, முன்னால் நின்று வழிநடத்தியதற்கு ஒரு பங்கு. ஆனால் எல்லா நாளும் 1000 கிடைக்காது, எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். ஒன்றரை மணி நேரப் பந்தயம் நல்ல பந்தயம் என்று முன்கூட்டியே அளவு வைத்திருந்து, முதல் ஆள் ஐம்பது நிமிஷத்தில் கோலுக்கு வந்துவிட்டால் அந்த நாளின் மதிப்பே குறையும். காற்று மோசம் என்று பலர் கிளம்பாமல் இருந்துவிட்டாலும் குறையும். அதாவது ஆபத்தான நாளில் துணிந்து கிளம்பிய ஒருவர் 1000 புள்ளியை அள்ளிக்கொண்டு போக முடியாது. பறக்காமல் இருந்தவருக்கு அது ஒரு பாதுகாப்பு. இந்த அளவுகளைப் போட்டி தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும், நடுவில் மாற்றினால் சண்டைதான்.

தொண்டி: நடுவுல காத்து கெட்டுப்போச்சுன்னா?

இயக்குநர் டாஸ்க்கை நிறுத்துவார். பறக்கும் பைலட்டுகள் வயர்லெஸ்ஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை சொல்வார்கள். ஒன்று என்றால் நல்லபடி, இரண்டு என்றால் கவனம், மூன்று என்றால் நிறுத்துங்கள். தன் புள்ளிக்காகப் பொய் சொல்கிறார்களோ என்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, நிறுத்திய டாஸ்க்குக்கும் அதுவரை பறந்ததை வைத்துப் புள்ளி போட விதி இருக்கிறது. அதிகாரம் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும், அவருக்கு மேலே பணம் கொடுத்தவரோ பதவியில் இருப்பவரோ யாரும் இருக்கக் கூடாது. வேறொரு மாநிலத்தில் ஒரு போட்டியில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்பதற்காக இன்னும் இரண்டு பேரையாவது ஏற்றுங்கள் என்று அமைப்பாளர் நச்சரித்தார். இயக்குநர் கையில் இருந்த கொடியைச் சுருட்டி ஜீப்பில் வைத்துவிட்டுப் பைலட்டுகளைக் கிளைடரை மடிக்கச் சொன்னார். அரை மணியில் புழுதிக்காற்று அந்த மைதானத்தையே மூடியது. அப்படி ஒரு ஆள் கிடைக்காவிட்டால் போட்டியைத் தள்ளிப்போடுங்கள், மற்ற எதையும் சமாளிக்கலாம்.

ராமநாதபுரம்: தொடக்க விழாவுக்கு அமைச்சரை அழைக்கலாமா?

அழையுங்கள், ஆனால் மாலையில். காலை ஒன்பதில் இருந்து மத்தியானம் ஒரு மணி வரை உள்ள நேரம் பைலட்டுகளுடையது. சிறப்பு விருந்தினருக்காக அவர்களை ஹார்னஸோடு வெயிலில் நிறுத்தினால் நீர் வற்றிப்போய்க் களைத்த நிலையில் கிளம்புவார்கள்.

ராமநாதபுரம், ஒரு தாய்: என் மகளுக்கு பதினெட்டு முடிஞ்சிருச்சு. இதைக் கேள்விப்பட்டதில் இருந்து போட்டியில சேரணும்னு நிக்கிறா. விடலாமா தம்பி?

அக்கா, பறக்கக் கற்றுக்கொள்ள விடுங்கள், போட்டியில் சேர இப்போது விடாதீர்கள். போட்டிக்கு வரும் பைலட்டிடம் அவர் திறமை நிலையைக் காட்டும் ஐபிபிஐ அட்டை கேட்போம், அதில் ஐந்து நிலை உண்டு. தெர்மலில் ஏறித் தூரம் போய்த் தெரியாத நிலத்தில் இறங்குகிறவருக்கு நாலாவது நிலையாவது வேண்டும் என்பேன், அத்தோடு இழுவை முறையில் தனியாகப் பயிற்சி. தரையில் ஓடிப் பழகுவதில் தொடங்கி அந்த இடத்துக்கு வர சில பருவங்கள் ஆகும். கிளைடரிலும் மேலே கம்பமும் கம்பியும் உள்ள எளிய வகைக்கு ஸ்போர்ட் பிரிவு என்று இருக்கிறது, புதியவர்கள் முதலில் அதில்தான் வர வேண்டும்.

பொம்பளைப் பிள்ளை என்பதற்காகத் தயங்க வேண்டாம், தோள்பலத்தை விடக் காற்றைப் படிப்பதும் அவசரப்படாததும்தான் இங்கே முக்கியம். இந்த வருஷம் புள்ளிக் கணக்கர் பக்கத்தில் உட்காரட்டும். இருபது பேரின் ட்ராக்லாக்கை, அதாவது ஜிபிஎஸ் பாதைப் பதிவை வரிசையாகப் பார்த்தால், யார் எங்கே திரும்பினார், எங்கே தவறவிட்டார் என்று ஒரு வாரத்தில் அவ்வளவு புரியும்.

கீழக்கரை: அடிபட்டா?

108ஐ மட்டும் நம்பாதீர்கள். மைதானத்திலேயே ஒரு ஆம்புலன்ஸ், அது கிளம்பிப் போனால் இன்னொன்று வரும் வரை யாரையும் ஏற்றக் கூடாது. முதுகெலும்புப் பலகையும் கழுத்துப் பட்டையும் போடத் தெரிந்தவர் வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல் நாளே கடிதம் கொடுத்துவிடுங்கள், பெரிய காயம் என்றால் மதுரை. எந்த வழியாக, எவ்வளவு நேரம் என்று ஒருமுறை வண்டியை ஓட்டியே பாருங்கள். ஒவ்வொரு பைலட்டின் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய தாள் ஆம்புலன்ஸிலும் இயக்குநரிடமும். மாலையில் கடைசி ஆள் "பத்திரமாக இறங்கினேன்" என்று சொல்லும் வரை யாரும் சாப்பிடப் போகக் கூடாது. சொல்ல மறப்பவருக்கு அன்றைய புள்ளி கிடையாது.

தேவிபட்டினம்: பணத்துக்கு என்ன பண்றது?

பரிசுத்தொகையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பைலட்டுகள் நல்ல வானத்துக்கும் ஒழுங்கான இழுவைக்கும்தான் வருவார்கள். ஒரு இழுவிமானம் ஒருவரை ஏற்றிவிட்டுத் திரும்ப ஆறேழு நிமிஷம் ஆகும், அப்படியென்றால் மணிக்கு எட்டு முதல் பத்து பேர். இருபது பேரை நல்ல நேரம் தவறாமல் ஏற்ற இரண்டு விமானம் வேண்டும். பெரிய செலவு அங்கேதான், அடுத்தது காப்பீடு, அடுத்தது மீட்பு வண்டி டீசல். இந்த மூன்றுக்கும் காசு சேராவிட்டால் பேனர் அடிக்க வேண்டாம். சாப்பாட்டை ஊர்க்காரர்களிடமே ஒப்படையுங்கள், அந்தப் பணமாவது அந்த ஊரிலேயே தங்கட்டும்.

தொண்டி மாணவர் மறுபடியும்: சரிண்ணே, நாங்க இப்போ எதுல ஆரம்பிக்கட்டும்?

காற்றில். கையில் பிடிக்கும் காற்றுமானி மூன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. தொண்டிக் கரையில் ஒருவர், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒருவர், கமுதியில் ஒருவர். மாசி பிறந்ததில் இருந்து சித்திரை வரை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, மணிக்கு ஒருமுறை திசை, வேகம், மேகம் மூன்றையும் எழுதுங்கள். கடல்காற்று கரையில் எத்தனை மணிக்கு வந்தது, உள்ளே எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, எந்த நாளில் சேரவே இல்லை என்பது அதில் தெரிந்துவிடும். பருந்துகள் எத்தனை மணிக்கு இறக்கை அடிக்காமல் வட்டமிடத் தொடங்குகின்றன என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள், அன்றைய முதல் தெர்மல் அதுதான். சித்திரை முடிந்ததும் அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள் தம்பி, மைதானம் எது, டாஸ்க்கை எத்தனை மணிக்குத் திறப்பது என்று அதை வைத்துக்கொண்டு உட்காருவோம்.